குறைந்த பட்ஜெட்டில் மரத்தரை: என்ஜினியர்டு வுட் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

கோத்தகிரியில் அம்மா அப்பா இருக்கும் வீட்டின் மாடி அறைக்கு இந்தப் பிப்ரவரியில் மரத்தரை போட்டோம். வீடு முழுக்கப் பழைய சிமென்ட் தரைதான், அம்மா அப்போது கீழ் அறையில் இருந்தார். டிசம்பர், ஜனவரியில் காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் பாதத்தில் பிடிக்கிற குளிர் முழங்கால் வரை ஏறுகிறது என்று அம்மா மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பாய் விரித்துப் பார்த்தோம், கார்ப்பெட் போட்டுப் பார்த்தோம், மழைக்காலம் வந்ததும் கார்ப்பெட்டில் பூஞ்சணம் பிடித்து அறையே நாறியது. சரி, மரமே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தபோது கையில் இருந்தது ஒரு லட்சம் ரூபாய். அதை வைத்துக்கொண்டு நான்கு மாதம் கோவையில் அவினாசி சாலை ஷோரூம்களிலும் மேட்டுப்பாளையம் சாலை மரக்கடைகளிலும் ஏறி இறங்கினேன். அதில் தெரிந்துகொண்டதையும், அதற்கு முன் சென்னையில் அக்கா வீட்டுத் தரை கெட்டுப்போனதில் கற்றுக்கொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் இடித்தால் அறைகளைக் குறையுங்கள், பலகையின் தரத்தைக் குறைக்காதீர்கள். ஹால், இரண்டு படுக்கையறை எல்லாவற்றுக்கும் மெல்லிசான சரக்கைப் போட்டு ஐந்து வருடத்தில் பிடுங்கி எறிவதற்கு, ஒரே ஒரு படுக்கையறைக்கு நல்லதாகப் போட்டுவிட்டு மற்ற அறைகளில் டைல்ஸை அப்படியே விட்டுவிடலாம்.

ஷோரூமில் காட்டுவது எல்லாம் மரம் இல்லை

"வுடன் ஃப்ளோரிங்" என்று கேட்டால் மூன்று நான்கு விதமான பொருளை ஒரே மேசையில் பரப்புவார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். லேமினேட் என்பது மரநாரை அழுத்திச் செய்த எச்.டி.எஃப். அட்டையின் மேல் மரரேகை அச்சடித்த காகிதத்தை ஒட்டி, கெட்டியான பூச்சு கொடுத்தது. எஸ்.பி.சி. என்பது சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி.யும் கலந்தது, தண்ணீருக்கு அசையாது, ஆனால் அதில் மரம் துளியும் கிடையாது. என்ஜினியர்டு வுட்டில்தான் மேலே நிஜமான மரத்தின் ஒரு அடுக்கும், அதன் கீழே பிளைவுட்டோ வேறு மரக்கட்டைகளோ குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டும் இருக்கும். முழுப் பலகையும் ஒரே மரமாக இருப்பது சாலிட் வுட், அதை இந்த பட்ஜெட்டில் பேச வேண்டாம்.

ஏன் இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுகிறார்கள் என்பது தெரிந்தால் கடையில் பாதிக் கேள்வி தானாக வந்துவிடும். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது, ஈரம் ஏறினால் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் அகலவாக்கில் சுருங்கும். ஒரு அடுக்குக்குக் குறுக்கே இன்னொரு அடுக்கை ஒட்டினால் ஒன்று அசையப் பார்க்கும்போது மற்றது பிடித்து நிறுத்தும். ஸ்வீடனில் குஸ்தாவ் கேர் என்பவர் 1941-லேயே இந்த அடுக்குத் தரைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், இன்று விற்கிற எல்லாமே அந்த யோசனையின் வழி வந்ததுதான். அதனால் பிடித்து நிறுத்துகிற கீழ் அடுக்கும், அதை ஒட்டிய பசையும் மட்டமாக இருந்தால் மேலே எவ்வளவு அழகான ஓக் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

வாடகை வீடு, அல்லது சதுர அடிக்கு 150 ரூபாய்க்கு மேல் முடியவே முடியாது என்றால் நல்ல லேமினேட்டையே வாங்குங்கள், தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் ஏசி-4 தரம் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மட்டமான என்ஜினியர்டு வுட்டை விட நல்ல லேமினேட் எவ்வளவோ மேல். இதைச் சொல்லும் விற்பனையாளரைப் பார்ப்பது அரிது.

பலகையின் முகத்தைப் பார்க்காதீர்கள், வெட்டுவாயைப் பாருங்கள்

ஷோரூமில் எல்லாரும் நிறத்தையும் ரேகையையும் தடவிப் பார்ப்பார்கள். நீங்கள் பலகையைத் திருப்பி அதன் வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். மேலே ஒரு நிறத்தில் ஒரு கோடு தெரியும், அதுதான் நிஜ மரம். அந்தக் கோட்டின் கனத்துக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். 14/3 என்று எழுதியிருந்தால் மொத்தக் கனம் 14 மி.மீ., அதில் மேல் மரம் 3 மி.மீ. என்று அர்த்தம். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், நான் அப்படித்தான் போனேன். ஒரு கடையில் "3 மி.மீ. தானுங்க சார்" என்று சொன்ன பலகை ஸ்கேலில் ஒன்றரை கூட வரவில்லை. அவர் பொய் சொன்னார் என்று நினைக்கவில்லை, அவருக்கே தெரியவில்லை.

மேல் மரம் 0.6 மி.மீ. இருந்தால் அது வெனீர், அதாவது மெல்லிய மரத்தோல், அவ்வளவுதான். ஆழமாக ஒரு கீறல் விழுந்தால் கீழே இருக்கிற பிளைவுட் தெரிந்துவிடும், இழைத்துப் புதுப்பிக்க வழியே இல்லை. ஒரு முறை மெஷின் வைத்துத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் அரை மி.மீ. அளவுக்குப் போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2 மி.மீ. இருந்தால் ஒரு முறை தைரியமாகத் தேய்க்கலாம், 3 இருந்தால் இரண்டு முறை, 4-க்கு மேல் இருந்தால் பிள்ளைகள் காலம் வரைக்கும் ஓடும். ஆனால் இரண்டு பெரியவர்கள் வெறுங்காலில் நடமாடுகிற படுக்கையறைக்கு 6 மி.மீ. மரம் தேவையில்லாத செலவு. என் பார்வையில் வீட்டுக்கு 2-லிருந்து 3 மி.மீ. போதும், 2-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன், நீங்களும் செய்யுங்கள். பிடித்துப்போன இரண்டு கடைகளில் ஆறு அங்குலத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். ஒன்று சதுர அடி 270 ரூபாய் சரக்கு, மற்றது 390 ரூபாய் சரக்கு. இரண்டையும் ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, மிதக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல்லை வைத்து, ஒரு ராத்திரி ஒரு பகல் விட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் 270 ரூபாய்த் துண்டின் ஓரம் ரஸ்க் பாலில் ஊறினது போல உப்பியிருந்தது, மேல் மரத்தை நகத்தால் நெம்பினால் வெங்காயச் சருகு போல உரிந்து வந்தது, உள்ளே பிளைவுட்டுக்குப் பதிலாக இருந்த எச்.டி.எஃப். கையோடு பிய்ந்தது. மற்றது நிறம் கொஞ்சம் கறுத்திருந்தது, கனம் லேசாகக் கூடியிருந்தது, ஆனால் அடுக்கு ஒன்றும் விடவில்லை, மூன்று நாள் நிழலில் வைத்ததும் பழையபடி ஆகிவிட்டது. எந்தத் தரையும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கப் போவதில்லைதான், ஆனாலும் பசை எப்படிப்பட்டது என்பது அந்த வாளியில் தெரிந்துவிட்டது. துண்டு தர மறுக்கும் கடையை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

பசையைப் பற்றி இன்னொன்று. பெட்டியைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கிற நெடி அடித்தால், பசையில் இருந்து வெளிவருகிற ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு அதிகம் என்று அர்த்தம். அது வரம்புக்குள் இருக்கிறது என்பதற்குப் பெட்டியில் இ-1 அல்லது இ-0 என்றோ, கார்ப் (கலிஃபோர்னியாவின் காற்றுத் தர வாரியம்) இரண்டாம் கட்டம் என்றோ அச்சடித்திருக்க வேண்டும், வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். குளிர் ஊரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிற அறைக்கு இது மிக முக்கியம்.

ஓக்கா, தேக்கா

நம் ஊரில் மரம் என்றால் தேக்கு, அதிலும் பர்மா தேக்கு. அப்பா ஆரம்பத்தில் இருந்தே தேக்குதான் வேண்டும் என்று நின்றார். ஆனால் மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது, இன்று கடைகளில் தேக்கு என்று வருவதில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டம் போட்டு வளர்த்தது. அதில் தவறு ஒன்றும் இல்லை, பர்மா தேக்கு விலையைக் கொடுக்காமல் இருந்தால் சரி. பழைய பர்மா தேக்கு வேண்டுமென்றால் இடித்த வீடுகளின் உத்தரம், நிலை விற்கிற கடைகளில்தான் தேட வேண்டும், அது தனிக் கதை.

கடினத்தைப் பார்த்தால் ஓக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. மரத்தின் கடினத்தைச் சொல்கிற ஜங்கா அளவில் (எண் கூடினால் கடினம் கூடும்) வெள்ளை ஓக் 1,360, தேக்கு சுமார் 1,070, அமெரிக்க வால்நட் 1,010. நாற்காலிக் காலோ விழுகிற சாமானோ தேக்கிலும் வால்நட்டிலும் சீக்கிரம் தடம் பதிக்கும். ஆனால் ஈரத்துக்கு அசைவதில் தேக்கு ரொம்ப நல்ல பிள்ளை, பச்சை மரம் முழுக்கக் காயும்போது அகலவாக்கில் வெள்ளை ஓக் 10 சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் தேக்கு 6 சதவீதம்கூட சுருங்காது. சாலிட் பலகையாக இருந்தால் இது பெரிய வித்தியாசம், நல்ல பிளைவுட் அடுக்கின் மேல் ஒட்டிய 3 மி.மீ. மரத்துக்கு இது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. நாங்கள் ஓக் எடுத்தோம், விலைதான் காரணம். தேக்கு எடுத்திருந்தால் அதே கனத்துக்குச் சதுர அடிக்கு 150 ரூபாய் கூட ஆகியிருக்கும். அப்பாவிடம் இரண்டு துண்டையும் கொடுத்துச் சாவியால் அழுத்திக் கோடு போட்டுப் பார்க்கச் சொன்னேன், அதற்கப்புறம் அவரும் சரி என்றார்.

எங்கே உண்மையாகவே மிச்சம் பிடிக்கலாம்

முதலாவது கிரேடு. முடிச்சு இல்லாத, நிறம் ஒரே சீராக இருக்கிற பலகைக்குத்தான் விலை அதிகம். முடிச்சும் நிற மாற்றமும் இருக்கிற ரஸ்டிக் கிரேடு அதே மரம், அதே கனம், அதே பசை, கணிசமாக விலை குறைவு. எனக்கு முடிச்சோடு இருப்பதுதான் அழகாகப் படுகிறது. முடிச்சில் ஓட்டை இருந்தால் ஃபில்லர் வைத்து அடைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது, முடிந்துபோகிற லாட். ஒரு நிறத்தை நிறுத்தப் போகிறார்கள், கிடங்கில் பத்துப் பதினைந்து பெட்டி மிஞ்சியிருக்கிறது என்றால் பெரிய வீட்டுக்காரர்களுக்கு அது பத்தாது, ஒரு அறைக்காரருக்கு அது லாட்டரி. நாங்கள் வாங்கியது 480 ரூபாய்ச் சரக்கு, லாட்டில் 11 பெட்டிதான் மிச்சம் என்பதால் 390-க்குக் கொடுத்தார்கள். ஷோரூமில் இதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். "ஒரு ரூமுக்குத்தான் வேண்டும், முடியப்போகிற லாட் ஏதாவது இருக்கிறதா, நிறம் எதுவானாலும் பரவாயில்லை" என்று நேராகக் கேட்க வேண்டும். எல்லாப் பெட்டியிலும் லாட் எண் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள், பின்னால் ஒரு பலகை உடைந்தால் மாற்றுச் சரக்கு கிடைக்காது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைப்பாட்டிலும் மிச்சம் உண்டு. ஹெரிங்போன் என்று மீன்முள் மாதிரி போடுவது கண்ணுக்கு விருந்துதான், ஆனால் கழிவு 15 சதவீதம் வரை போகும், கூலியும் கூடும். நேராகப் போட்டால் 7, 8 சதவீதம் கழிவு போதும்.

பலரும் யோசிக்காத ஒன்று, சுவரோடு கட்டிய அலமாரி. அதன் அடியில் பலகை போடத் தேவையே இல்லை, போடவும் கூடாது. பசை இல்லாமல், பலகைகளை ஒன்றோடொன்று பூட்டுகிற கிளிக் போட்டு, மிதக்கிற மாதிரி விரிக்கிற தரை மொத்தமாக ஒரே பாய் போலத்தான் அசையும், அலமாரியை அதன் மேல் ஆணியடித்து நிறுத்தினால் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு மறுபக்கம் பிய்த்துக்கொள்ளும். எங்கள் அறை 12-க்கு 15, அதாவது 180 சதுர அடி. அலமாரி 7-க்கு 2, அந்த 14-ஐக் கழித்தால் 166. அதோடு 8 சதவீதக் கழிவைச் சேர்த்தால் 179. ஒரு பெட்டியில் 1.9 சதுர மீட்டர், நம் கணக்கில் 20.45 சதுர அடி, ஆக 9 பெட்டி. அலமாரியைக் கழிக்காமல் போட்டிருந்தால் 10 பெட்டி ஆகியிருக்கும், அந்த ஒரு பெட்டி மட்டும் 8,000 ரூபாய். கடைக்காரர் கொடுத்த கொட்டேஷனில் 10 என்றுதான் இருந்தது.

கொட்டேஷனைப் பிரித்துக் கேளுங்கள்

சதுர அடி 390 என்று சொன்னது கடைசியில் எங்கே போய் நின்றது என்று அப்படியே எழுதுகிறேன். பலகை 9 பெட்டி, ஜிஎஸ்டி சேர்த்து 71,780. அடியில் விரிக்கிற அண்டர்லேயும் பாலிதீன் ஷீட்டும் 3,800. போடுகிற கூலி சதுர அடிக்கு 40 வீதம் 6,640. ஸ்கர்டிங் 44 அடிக்கு 3,300. வாசல் ஓரத்தில் மரத்தரையும் சிமென்ட் தரையும் சேருமிடத்துக்குப் போடுகிற புரொஃபைல் பட்டை 900. தரையில் இருந்த பள்ளங்களைக் கொத்தனார் நிரப்பியது 2,500. கதவின் அடிப்பக்கத்தை இழைத்துக் குறைத்த ஆசாரி கூலி 1,200. கோவையில் இருந்து மலைக்கு ஏற்றிவந்த குட்டியானை வண்டி 4,000. மொத்தம் 94,120. 166 சதுர அடிக்கு வகுத்தால் 567 ரூபாய் வருகிறது.

ஆகவே பலகை விலையை மட்டும் வைத்து பட்ஜெட் போடாதீர்கள், அதன் மேல் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூட வரும் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே தொகை சொல்பவரிடம் மேலே சொன்ன ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கதவு விஷயத்தை மறந்துவிடாதீர்கள், 14 மி.மீ. பலகையும் 2 மி.மீ. அண்டர்லேயும் சேர்ந்தால் தரை 16 மி.மீ. உயர்ந்துவிடும், கதவு திறக்காது.

ஈரம், ஓதம், கரையான்

அக்கா வீடு சென்னையில் கீழ்த்தளம். அங்கே வேலை எடுத்தவர் "வாட்டர்ப்ரூஃப்" என்று சொல்லி 0.6 மி.மீ. சரக்கை ஹாலுக்கும் படுக்கையறைக்கும் போட்டுக்கொடுத்தார். கோடையில் போட்டது, பார்க்க லட்சணமாக இருந்தது. நவம்பர் மழை தொடங்கிப் பத்து நாளில் ஹாலின் நடுவில் தரை ஒரு அங்குலம் மேலே எழுந்து நின்றது, மிதித்தால் டக் டக் என்று உள்ளே போய் வந்தது. ஸ்கர்டிங்கைக் கழற்றிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது, பலகையைச் சுவரோடு இறுக்கி முட்டவைத்துப் போட்டிருக்கிறார்கள். மரம் உப்பியது, போக இடம் இல்லை, மேலே எழுந்துவிட்டது. அவர் போனையே எடுக்கவில்லை. அக்கா 1,10,000 ரூபாய் கொடுத்திருந்தாள், வீட்டுக் கடனுக்கு இடையில் சேர்த்த பணம் அது. அதனால்தான் இந்தப் பகுதியை விரிவாக எழுதுகிறேன்.

சுவரைச் சுற்றிலும் 10 முதல் 12 மி.மீ. இடைவெளி கட்டாயம் வேண்டும், கதவு நிலையடியிலும் வேண்டும், ஸ்கர்டிங் அதை மறைத்துவிடும். ஸ்கர்டிங்கைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், பலகையில் அடிக்கக் கூடாது. வேலை நடக்கும்போது நீங்களே கூட இருந்து, இடைவெளிக்கு ஆப்பு வைக்கிறார்களா என்று பாருங்கள்.

சிமென்ட் தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் செலவே இல்லாத சோதனை உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது ஷீட்டின் உள்பக்கம் வேர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ மரம் போடக் கூடாது. எங்கள் வீட்டில் கீழ் அறை, மாடி அறை இரண்டிலும் வைத்துப் பார்த்தோம். கீழே முத்து முத்தாக வேர்த்திருந்தது, பழைய வீடு, மண்ணில் இருந்து ஓதம் நேராக ஏறுகிறது. மாடியில் காய்ந்து கிடந்தது. அம்மாவைக் கீழ் அறையில் இருந்து மாடிக்கு மாற்றியது அந்தச் சோதனையால்தான். புதுக் கட்டடம் என்றால் சிமென்ட் காய்வதற்கு மாதக்கணக்கில் ஆகும், கிரகப்பிரவேச அவசரத்தில் போட்டுவிடாதீர்கள்.

காற்றின் ஈரத்தையும் பாருங்கள். சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எங்கள் மாடி அறையில் நவம்பரில் 84 சதவீதம் காட்டியது, பிப்ரவரியில் 58. மழையில் போட்டால் மரம் உப்பிய நிலையில் சேர்ந்து, கோடையில் சுருங்கிப் பலகைகளுக்கு நடுவே சந்து விழும். ரொம்பக் காய்ந்த காலத்தில் போட்டால் மழையில் உப்பும், அதற்குத்தான் ஓர இடைவெளி. நடுவாந்தரமான மாதமே நல்லது. வாரன்டி 25 வருடம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், தாளைத் திருப்பினால் அறையின் ஈரப்பதம் இத்தனைக்கும் இத்தனைக்கும் நடுவில் இருந்தால் மட்டுமே என்று சின்ன எழுத்தில் இருக்கும், பெரும்பாலும் 60, 65-ஐத் தாண்டாது. நம் கடற்கரை ஊர்களிலும் மலையிலும் வருடத்தில் பாதி நாள் அதைத் தாண்டித்தான் இருக்கும். ஆகவே வாரன்டியை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

கரையான் வந்த தடம் சுவரிலோ நிலையிலோ இருந்தால் முதலில் அதற்கு மருந்து அடித்துவிட்டு, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

போடுகிற நாள்

பெட்டிகளைப் பிரிக்காமல் அதே அறையில் படுக்கை வாட்டத்தில் இரண்டு மூன்று நாள் வைத்திருக்க வேண்டும், அறையின் ஈரத்துக்கு மரம் பழக வேண்டும். தரை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது, இரண்டு மீட்டர் நீள அலுமினியச் சட்டத்தைத் தரையில் படுக்கவைத்து அடியில் 3 மி.மீ.க்கு மேல் சந்து எங்கே தெரிகிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஐந்து வட்டம் வந்தது. அதை நிரப்பாமல் தடிமனான அண்டர்லே போட்டுச் சமாளிக்கலாம் என்று ஃபிட்டர் சொன்னார், ஒத்துக்கொள்ளவில்லை. மெத்து மெத்தென்று இருக்கிற அண்டர்லே மேல் நடந்தால் கிளிக் பூட்டு அசைந்து அசைந்து உடையும்.

மூன்று நான்கு பெட்டிகளை ஒரே நேரத்தில் பிரித்துப் பலகைகளைக் கலந்து போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு மூலை வெளுப்பாகவும் ஒரு மூலை கறுப்பாகவும் தெரியும். முடிச்சு அசிங்கமாக இருக்கிற பலகைகளை நீங்களே பொறுக்கித் தனியாக வைத்துக் கட்டில் அடிக்கு ஒதுக்குங்கள். அம்மாவும் நானும் தரையில் உட்கார்ந்து அதைச் செய்தோம், ஒரு மணி நேரம் ஆனது, இன்று அறைக்குள் நுழைந்தால் கண்ணில் படுகிற பலகை எல்லாம் அம்மா எடுத்து வைத்தவை. பக்கத்துப் பக்கத்து வரிசையின் மூட்டுகள் ஒரே நேரில் வராமல் குறைந்தது ஒரு அடி தள்ளி வர வேண்டும். கடைசி வரிசை இரண்டு விரல் அகலத்துக்கு வந்து நிற்கக் கூடாது, அதை முதல் வரிசை போடும் முன்பே அளந்து, தேவைப்பட்டால் முதல் வரிசையை அகலம் குறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் தினசரி

நம் வீடுகளில் தரை என்றால் வாளித் தண்ணீரும் ஈரத் துணியும்தான். மரத்தரைக்கு அது ஆகாது. மாப்பை நன்றாகப் பிழிந்து, துடைத்த இடம் ஒரு நிமிடத்தில் காய்கிற அளவுக்குத்தான் ஈரம் இருக்க வேண்டும். வேலைக்கு வருகிற அக்காவிடம் இதை முதல் நாளே செய்து காட்டுங்கள், சொல்வது மட்டும் போதாது. சமையலறை, பூஜையறை, குளியலறை வாசல் மூன்றிலும் மரம் வேண்டாம். விளக்கெண்ணெய் சொட்டும், தண்ணீர் சிந்தும், பண்டிகைக்குக் கழுவாமல் இருக்க முடியாது. அங்கே டைல்ஸ்தான் சரி.

இரும்புக் கட்டிலின் காலுக்கும் நாற்காலிக் காலுக்கும் ஃபெல்ட் ஒட்டுங்கள். அடியில் ரப்பர் வைத்த மிதியடி வேண்டாம், பூச்சில் மஞ்சளாகக் கறை பிடிக்கும். முதல் சில மாதம் விரிப்பு எதுவும் போடாமல் விடுங்கள், வெயில் பட்டு மரம் நிறம் மாறும், விரிப்பின் அடியில் மட்டும் பழைய நிறம் தங்கிவிடும்.

9 பெட்டியில் எங்களுக்கு மூன்று முழுப் பலகை மிஞ்சியது. நிறுத்திய லாட் என்பதால் அவைதான் இனி ஸ்டெப்னி. லாட் எண்ணையும் வாங்கிய தேதியையும் பென்சிலால் பின்பக்கம் எழுதி, பாலிதீனில் சுற்றி, அதே அறையில் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்திருக்கிறோம். பரணில் வைக்காதீர்கள், ஓட்டுச் சூட்டில் வளைந்துபோகும்.